காசு கொடுத்து வாங்கிய படம் என் கையடக்க பிளேயரில் ஏன் ஓடாது?

கடல்வழி:

வணக்கம் நண்பர்களே. சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறேன். ஏறினால் மாதக்கணக்கில் கடல்தான். கப்பலில் இணையம் பெயருக்கு இருக்கிறது. வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பலாம், படம் பார்க்க முடியாது. அதனால் கரையில் இருக்கும்போதே டேப்லெட்டில் படங்களை இறக்கி வைத்துக்கொள்வது வழக்கம். இந்த முறை நடுக்கடலில் ஒரு நாள் எந்தப் படத்தைத் தொட்டாலும் "உரிமம் முடிந்துவிட்டது, இணையத்தில் இணையுங்கள்" என்று வர ஆரம்பித்துவிட்டது. சந்தாவில் இறக்கியவை அப்படி ஆனால் சரி, ஏற்றுக்கொள்ளலாம். முழு விலை கொடுத்து, "வாங்கு" என்ற பொத்தானை அழுத்தி வாங்கியவையும் நின்றுபோனதுதான் பொறுக்கவில்லை.

என்னிடம் ஒரு சின்ன வீடியோ பிளேயரும் இருக்கிறது. மெமரி கார்டு போட்டுப் பார்க்கிற வகை, வைஃபை எதுவும் கிடையாது. டேப்லெட்டைவிட இதுதான் எனக்குப் பிடிக்கும். கப்பல் படுக்கையில் படுத்துக்கொண்டு ஒரு கையில் பிடித்துப் பார்க்கலாம், சார்ஜும் நன்றாக நிற்கும். வாங்கிய படத்தின் கோப்பை டேப்லெட்டில் தேடி எடுத்து இதில் போட்டுப் பார்த்தேன். "ஆதரிக்கப்படாத வடிவம்" என்று சொல்லிவிட்டது.

இரண்டு கேள்விகள். வாங்கிய படத்தை இந்த பிளேயரில் பார்க்க நேர்மையான வழி ஏதாவது இருக்கிறதா? வீட்டில் அலமாரி நிறைய அசல் டிவிடி இருக்கிறது. அதைக் கோப்பாக மாற்றி எடுத்துக்கொண்டு போனால் அது திருட்டா?

ரீல்பெட்டி:

கடல்வழி அண்ணே, உங்கள் பிளேயர் மேல் குற்றமில்லை. எச்.264 என்ற வழக்கமான வீடியோ வடிவத்தில் சாதாரணப் படம் கொடுத்தால் அதற்கு ஓட்டத் தெரியும். நீங்கள் எடுத்துப் போட்டது மறையாக்கம் செய்த கோப்பு. உள்ளே இருப்பது அதே எச்.264தான், ஆனால் சாவி இல்லாமல் பார்த்தால் அர்த்தமில்லாத எண்கள். சாவி அந்தக் கோப்பில் இருக்காது. செயலி முதல்முறை விற்பனையாளரின் சர்வரிடம் கேட்டு வாங்கி, உங்கள் டேப்லெட்டுக்குள் ஒரு பாதுகாப்பான மூலையில் வைத்துக்கொள்ளும். அந்தச் சாவியோடு ஒரு நிபந்தனைச் சீட்டும் வரும்: எந்தக் கருவி, எத்தனை நாள், எந்தத் தேதிக்குள் மறுபடி வந்து முகம் காட்ட வேண்டும் என்று. அதைத்தான் உரிமம் என்கிறார்கள். வாடகைப் படத்துக்குப் பெரும்பாலும் 30 நாள், பார்க்க ஆரம்பித்தால் 48 மணி நேரம். வாங்கிய படத்துக்குக் கடைசித் தேதி இல்லை என்றாலும், பல செயலிகள் அவ்வப்போது இணையத்துக்கு வந்து புதுப்பிக்கச் சொல்லும். நீங்கள் மாட்டியது அதில்தான்.

ஆண்ட்ராய்டில் இந்த வேலையை பார்ப்பது வைட்வைன். கூகுள் 2010-இல் வாங்கிய நிறுவனம். ஆப்பிள் பக்கம் ஃபேர்பிளே. வைட்வைனில் எல்1, எல்3 என்று நிலைகள் உண்டு. எல்1 என்றால் சாவியும் படமும் சிப்பின் பூட்டிய பகுதிக்குள்ளேயே இருக்கும், ஆண்ட்ராய்டுக்கே கண்ணில் படாது. எல்3 வெறும் மென்பொருள். அதற்குப் பல சேவைகள் குறைந்த தரத்தில்தான் படம் கொடுக்கும். காசு கட்டியவர் ஒருவர்தான், கருவியைப் பார்த்துத் தரம் குறைகிறது.

உங்கள் கையடக்க பிளேயரில் வைட்வைன், ஃபேர்பிளே இரண்டும் கிடையாது. அதைச் செய்தவர்கள் உரிமம் பெறவில்லை, பெறப் போவதும் இல்லை. ஆகவே கடையில் வாங்கிய பூட்டிய படம் அதில் எந்தக் காலத்திலும் ஓடாது. முதல் கேள்விக்கு என் பதில் அதுதான்.

பழையபிளேயர்:

இது இன்று நேற்று வந்த சிக்கல் இல்லை. கையடக்க வீடியோ பிளேயர் பிறந்த நாளிலிருந்தே கூட வந்திருக்கிறது. இந்தக் கருவிகளைச் சேர்த்து வைத்திருப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2002-இல் ஆர்கோஸ் என்ற நிறுவனம் ஒரு பிளேயர் கொண்டுவந்தது. 20 ஜிபி ஹார்ட் டிஸ்க், ஒன்றரை அங்குலத் திரை. படம் பார்க்கிற அளவா அது என்று கேட்கலாம், ஆனால் கணினியில் இருக்கும் கோப்பை இழுத்துப் போட்டால் ஓடும். யாரிடமும் அனுமதி கேட்காது. பின்னாடி வந்த அவர்களுடைய கருவிகளில் சில, டிவியிலிருந்து நேரடியாகப் பதிவே செய்யும்.

2004-இல் மைக்ரோசாஃப்ட் "போர்ட்டபிள் மீடியா சென்டர்" என்ற பெயரில் இறங்கியது. கிரியேட்டிவ், சாம்சங், ஐரிவர் மூவரும் அதற்குக் கருவி செய்தார்கள். அதே ஆண்டு "பிளேஸ் ஃபார் ஷ்யூர்" என்ற முத்திரையும் வந்தது. இந்த முத்திரை உள்ள கடையில் வாங்கினால் இந்த முத்திரை உள்ள பிளேயரில் கட்டாயம் ஓடும் என்பது வாக்குறுதி. இரண்டே ஆண்டில், 2006 நவம்பரில், அதே மைக்ரோசாஃப்ட் தன் சொந்த பிளேயரான ஜூனைக் கொண்டுவந்தது. அந்த முத்திரையை நம்பி வாங்கிய எதுவும் ஜூனில் ஓடாது. முத்திரை கொடுத்தவர்களே செய்த கருவி அது. வெளியாள் உடைத்தால் கோபப்படலாம். கொடுத்தவரே கைவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

ஆப்பிள் 2005 அக்டோபரில் வீடியோ ஓடும் ஐபாடை விட்டது. இரண்டரை அங்குலம், 320-க்கு 240 புள்ளிகள். 30 ஜிபி மாடலில் வீடியோ ஓட்டினால் இரண்டு மணி நேரத்தில் சார்ஜ் தீரும் என்று அவர்களே சொன்னார்கள். நீளமான படம் என்றால் கிளைமாக்ஸ் கிடையாது. 2006 செப்டம்பரில் படமும் விற்க ஆரம்பித்தார்கள், முதலில் டிஸ்னி குழுமத்தின் படங்கள் 75. ஐந்து கணினிகள் வரை அங்கீகாரம். ஆனால் வாங்கிய படத்தை டிவிடி பிளேயரில் ஓடுகிற மாதிரி எரித்துக்கொள்ள முடியாது, வேறு கம்பெனி பிளேயரில் போடவும் முடியாது.

சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவியான பிஎஸ்பிக்கு யூஎம்டி என்று ஒரு குட்டித் தட்டில் படங்கள் வந்தன. 1.8 ஜிபி. வேறு எந்தக் கருவியிலும் நுழையாத தட்டு. 2009-இல் வந்த "பிஎஸ்பி கோ" மாடலில் அந்தத் தட்டு போடும் இடத்தையே எடுத்துவிட்டார்கள்.

நானே கையில் வைத்துப் பார்த்த ஒன்றையும் சொல்கிறேன். விண்டோஸ் மீடியா டிஆர்எம் உள்ள ஒரு பிளேயர். டிஆர்எம் என்பது நாம் பேசும் இந்த டிஜிட்டல் பூட்டுக்குப் பெயர். அதற்குள் பயனர் மாற்ற முடியாத ஒரு தனிக் கடிகாரம் உண்டு. தேதியைப் பின்னால் தள்ளி உரிமத்தை நீட்டித்துவிடக் கூடாது என்பதற்காக. பேட்டரி முழுக்க இறங்கினால் அந்தக் கடிகாரமும் நின்றுவிடும். மறுபடி சார்ஜ் போட்டுத் திறந்தால் மெனு வரும், படத்தின் பெயர் வரும், ஓட்டு என்று அழுத்தினால் உரிமம் சரியில்லை என்று வரும். கணினியோடு இணைத்து, கணினி இணையத்தில் இருந்து, கடிகாரம் சரியான பிறகுதான் படம். கடல்வழி சாருக்கு நடந்ததும் இதுவும் ஒன்றேதான். இருபது ஆண்டில் திரை பெரிதாகியிருக்கிறது, மற்றபடி அப்படியே இருக்கிறது.

வசனவரி:

படத்தொகுப்பும் வசன வரியும் என் தொழில். பெரும்பாலும் சின்னப் படங்கள். எல்லோரும் ஒரே பக்கம் நின்று பேசுவதால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

சின்னப் படத்துக்குத் திரையரங்கில் ஒரு வாரம் கிடைத்தால் பெரிது. மிச்சக் காசு டிஜிட்டல் விற்பனையிலும் சந்தா சேவைக்குக் கொடுப்பதிலும்தான் வர வேண்டும். படம் கசிந்த அன்று எடிட்டிங் அறையில் நான் இருந்திருக்கிறேன். தயாரிப்பாளர் போனைக் கீழே வைக்கவே இல்லை, ஒவ்வொரு இணைப்பாக எடுக்கச் சொல்லி யார் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தார். படம் எடுக்க வாங்கிய கடன் அவர் பெயரில் இருக்கிறது. பூட்டு இல்லாமல் கோப்பைக் கையில் கொடுங்கள் என்று அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. படத்தை வாங்கும் சேவைகளும் ஒப்பந்தத்திலேயே டிஆர்எம் கட்டாயம் என்று எழுதித்தான் கொடுக்கின்றன. தயாரிப்பாளருக்கு அதில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழியும் இல்லை.

ரீல்பெட்டி:

வசனவரி அக்கா, அந்தத் தயாரிப்பாளரின் வலியை யாரும் மறுக்கவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். அவர் படம் கசிந்தபோது பூட்டு இருந்ததா இல்லையா? இருந்திருக்கும்.

டிவிடிக்கு சிஎஸ்எஸ் என்று பூட்டுப் போட்டார்கள். 1999-இல் அதை உடைக்கும் நிரல் வெளியே வந்தது. அதற்காக நார்வேயைச் சேர்ந்த யோன் லெக் யோஹான்சன் மேல் வழக்குப் போட்டு, 2003-இல் இரண்டு நீதிமன்றங்களும் அவரை விடுவித்தன. தான் வாங்கிய டிவிடியைத் தன் கணினியில் பார்ப்பது குற்றமில்லை என்பதுதான் அங்கே நின்ற வாதம். அடுத்து ப்ளூரேக்கு ஏஏசிஎஸ். 2007-இல் அதன் சாவி ஒன்று இணையம் முழுக்கப் பரவியது. எச்டிஎம்ஐ கம்பி வழியாகப் போகும் படத்துக்கு எச்டிசிபி என்ற பூட்டு. 2010-இல் அதன் தலைமைச் சாவியே வெளியே வந்துவிட்டது.

கசிய விடுபவனுக்கு உலகத்தில் ஒரே ஒரு பிரதி போதும். அந்த ஒன்று வெளியே வந்த பிறகு, திருட்டுப் பிரதி எடுத்தவன் எந்தக் கருவியிலும் பார்க்கிறான், கப்பலிலும் பார்க்கிறான், அவன் படத்துக்குக் காலாவதித் தேதி இல்லை. கடல்வழி அண்ணன் மட்டும் காசும் கொடுத்துவிட்டு நடுக்கடலில் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பூட்டு யாரைத் தடுக்கிறது என்று பாருங்கள்.

மின்மினி:

பாட்டுக்கும் ஒரு காலத்தில் இப்படித்தானே இருந்தது? இப்போது வாங்கும் பாட்டு எந்தப் பூட்டும் இல்லாமல்தானே வருகிறது?

பழையபிளேயர்:

ஆமாம் மின்மினி. 2007-இல் இஎம்ஐ என்ற இசை நிறுவனம் முதலில் பூட்டை எடுக்கச் சம்மதித்தது, 2009-இல் ஐடியூன்ஸ் கடையில் பாட்டுகளுக்கு டிஆர்எம் எடுக்கப்போவதாக ஆப்பிள் அறிவித்தது. அதே கடையில் படங்களுக்கு மட்டும் பூட்டு இன்றுவரை இருக்கிறது. ஒரு விவரம் கவனிக்க வேண்டியது: அந்தப் பூட்டில்லாத பாட்டுக் கோப்புக்குள் வாங்கியவரின் பெயரும் மின்னஞ்சலும் பதிந்திருந்தன. எந்தக் கருவியில் வேண்டுமானாலும் கேட்கலாம், ஊருக்கெல்லாம் கொடுத்தால் யாருடையது என்று தெரிந்துவிடும்.

வசனவரி:

பாட்டை நூறு தடவை கேட்போம். படத்தைப் பெரும்பாலானவர்கள் ஒரு தடவை பார்ப்பார்கள். முதல் வாரத்தில் ஓசியில் கிடைத்தால் அந்தப் பார்வையாளர் போனவர் போனவர்தான். பாட்டில் நடந்தது படத்திலும் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஆனால் பெயர் பதிக்கும் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. விமர்சகர்களுக்கும் விழாக்களுக்கும் நாங்கள் அனுப்பும் முன்னோட்டப் பிரதியில் ஏற்கெனவே அதைத்தான் செய்கிறோம். ஒவ்வொருவருக்கும் தனி நீர்க்குறி (வாட்டர்மார்க்). சில நேரம் திரையில் தெரிகிற மாதிரி, சில நேரம் கண்ணுக்குத் தெரியாமல்.

சட்டப்புள்ளி:

இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் முயற்சி செய்கிறேன். நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. உங்கள் கப்பல், உங்கள் குடியுரிமை, நீங்கள் இறங்கும் துறைமுகம் எல்லாம் சேர்ந்தால் இன்னும் சிக்கல். பொதுவான படத்தை மட்டும் சொல்கிறேன்.

பிரதி எடுப்பது ஒரு கேள்வி, பூட்டை உடைப்பது இன்னொரு கேள்வி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை.

பிரதி எடுப்பதில் சட்டம் ஓரளவு பார்வையாளர் பக்கம் நின்றிருக்கிறது. 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், டிவி நிகழ்ச்சியைப் பதிவு செய்து பிறகு பார்ப்பது நியாயமான பயன்பாடு என்றது. சோனியின் பீட்டாமேக்ஸ் வீடியோ ரெக்கார்டர் வழக்கு, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வந்த தீர்ப்பு. 1999-இல் ரியோ என்ற எம்பி3 பிளேயர் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. ஏற்கெனவே கணினியில் இருக்கும் கோப்பைக் கையில் எடுத்துப் போகும் கருவிக்கு மாற்றுவது சொந்தப் பயன்பாடு, சட்டத்தின் நோக்கத்துக்கு முழுக்க ஒத்தது என்றது. கையடக்க பிளேயர் என்ற பொருளே பிழைத்துக்கொண்டது அந்தத் தீர்ப்பால்தான் என்பேன்.

பூட்டை உடைப்பதில் கதை தலைகீழ். 1996-இல் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் ஒப்பந்தம், 1998-இல் அமெரிக்காவின் டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டம், 2001-இல் ஐரோப்பிய ஆணை. டிஎம்சிஏவின் 1201-ஆம் பிரிவு பூட்டை மீறுவதையே தனிக் குற்றமாக வைக்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை விதிவிலக்கு கேட்கலாம். ஆய்வுக்கு, பாடம் நடத்த, ஆவணப்படத்தில் துண்டுக் காட்சி காட்ட என்று சிலவற்றைக் கொடுத்திருக்கிறார்கள். சொந்த டிவிடியை வேறு கருவிக்கு மாற்ற அனுமதி கேட்டு 2012-இலும் 2015-இலும் மனுப் போட்டார்கள். இரண்டு தடவையும் கிடைக்கவில்லை.

ரியல்நெட்வொர்க்ஸ் 2008-இல் ஒரு மென்பொருள் விற்றது. டிவிடியைக் கணினியில் சேமித்துக்கொள்ளலாம். அந்தச் சேமிப்பின் மேலும் அவர்களே ஒரு பூட்டுப் போட்டு, ஐந்து கணினிக்கு மேல் ஓடாத மாதிரி செய்திருந்தார்கள். அதையும் 2009-இல் நீதிமன்றம் தடுத்தது. இவ்வளவு அடக்கமாக வந்த பொருளுக்கே அந்த நிலை.

பிரிட்டனில் 2014 அக்டோபரில் சொந்தப் பயன்பாட்டுக்குப் பிரதி எடுக்கலாம் என்று விதி கொண்டுவந்தார்கள், 2015 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. இந்தியாவில் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு கொஞ்சம் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால்தான் அது குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும். சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத ஒரு காரியத்துக்காகச் செய்தால் அந்தப் பிரிவு பொருந்தாது என்று அதிலேயே இருக்கிறது. தனிப்பட்ட பயன்பாடும் அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவில் பேசப்படுகிறது. எனக்கு இது நியாயமான வரைவாகப் படுகிறது. நோக்கத்தைப் பார், கருவியைப் பார்க்காதே என்கிறது.

ஆக, "அது திருட்டா" என்று கேட்டால், இல்லை என்பேன். "எல்லா இடத்திலும் சட்டப்படி சரியா" என்று கேட்டால், அதுவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் மனிதர்களை நிற்க வைத்திருப்பதுதான் எனக்குக் கோபம்.

மட்டுறுத்துநர்:

நல்ல விவாதம், தொடருங்கள். பூட்டு உடைக்கும் மென்பொருளுக்கான இணைப்புகளை மட்டும் இங்கே இட வேண்டாம். ஒன்றை நீக்கியிருக்கிறேன்.

தெளிவரி:

இதுவரை யாரும் சொல்லாத ஒன்று. எனக்குப் பார்வை குறைவு. திரையரங்கில் வசன வரி படிக்க முடியாது, டிவியிலும் முடியாது. கையடக்க பிளேயரை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டால்தான் எனக்குப் படம். செயலிகளில் வசன வரியின் அளவைக் கொஞ்சம் கூட்டலாம், எனக்கு வேண்டிய அளவுக்குப் போகாது. மஞ்சள் எழுத்து, கறுப்புப் பட்டை, வாக்கியத்துக்கு நடுவில் மறைந்துவிடாமல் இன்னும் ஒரு நொடி நிற்க வேண்டும், இவ்வளவுதான் நான் கேட்பது. என் கையில் சாதாரணக் கோப்பும் ஒரு எஸ்ஆர்டி வசன வரிக் கோப்பும் இருந்தால் பத்து நிமிடத்தில் நானே செய்துகொள்வேன். பூட்டிய கோப்பில் கைவைக்க வழியே இல்லை.

புத்தகத்துக்காவது 2013-இல் மராகேஷ் ஒப்பந்தம் வந்தது, பார்வையற்றோருக்கு ஏற்ற பிரதி செய்ய அனுமதி உண்டு. படம் அதில் சேராது. அமெரிக்காவில் 2018-இல் கல்வி நிறுவனங்கள் மாணவர்களுக்காக வசன வரியும் ஒலி விவரிப்பும் சேர்க்கப் பூட்டைத் திறக்கலாம் என்று விதிவிலக்கு கொடுத்தார்கள். நான் மாணவி இல்லை. மாலையில் ஒரு படம் பார்க்க ஆசைப்படுகிற ஆள், அவ்வளவுதான். திருட்டைத் தடுக்கப் போட்ட பூட்டு என் கண்ணாடியைப் பிடுங்கி வைத்துக்கொள்வது போல இருக்கிறது.

கடல்வழி:

தெளிவரி, உங்கள் பதிவைப் படித்த பிறகு என் சிக்கல் சின்னதாகத் தெரிகிறது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சட்டப்புள்ளி சார், ஒரு சந்தேகம். "வாங்கு" என்று எழுதி விற்றுவிட்டு உரிமத்தை மட்டும் கொடுப்பதை யாரும் கேட்க மாட்டார்களா?

பழையபிளேயர்:

// "வாங்கு" என்று எழுதி விற்றுவிட்டு //

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். இதில் நடந்தவை ஒரு பட்டியலே இருக்கிறது. 1998-இல் அமெரிக்காவில் டிவ்எக்ஸ் என்று ஒரு தட்டு விற்றார்கள். முதலில் ஓட்டியதிலிருந்து 48 மணி நேரம், அப்புறம் மறுபடி காசு. மறுபடி மறுபடி காசு கட்டாமல் பார்க்க நிரந்தர உரிமை வாங்கிக்கொள்ளவும் வழி இருந்தது. அடுத்த ஆண்டே கடையை மூடினார்கள், 2001 நடுப்பகுதிக்குப் பிறகு எந்தத் தட்டும் ஓடவில்லை. 2008-இல் மைக்ரோசாஃப்ட்டின் பாட்டுக் கடையான எம்எஸ்என் மியூசிக் தன் சாவி சர்வரை நிறுத்தப்போவதாக அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்ததால் 2011 கடைசி வரை ஓட்டுவதாக ஒத்துக்கொண்டது. பல ஸ்டூடியோக்கள் சேர்ந்து 2011-இல் ஆரம்பித்த அல்ட்ராவயலெட் என்ற டிஜிட்டல் படச் சேவை 2019 ஜூலை 31-இல் மூடப்பட்டது. 2022-இல் பிளேஸ்டேஷன் கடையில் ஜெர்மனி, ஆஸ்திரியா வாடிக்கையாளர்கள் வாங்கியிருந்த ஸ்டூடியோகனால் நிறுவனத்தின் படங்கள் அவர்கள் நூலகத்திலிருந்தே எடுக்கப்பட்டன.

டிவிடி உறையில் "டிஜிட்டல் பிரதி இலவசம்" என்று ஒரு ரகசிய எண் வருமே, நினைவிருக்கிறதா? கையடக்க பிளேயருக்கென்றே கொடுத்தது. அந்த எண்ணுக்கும் காலாவதித் தேதி உண்டு. என் அலமாரியில் உள்ள தட்டுகள் எல்லாம் இன்னும் ஓடுகின்றன, எண்கள் எல்லாம் செத்துப்போய்விட்டன.

சட்டப்புள்ளி:

கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள், கடல்வழி சார். கலிஃபோர்னியாவில் ஏபி 2426 என்று ஒரு சட்டம், 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. டிஜிட்டல் பொருளை விற்கும்போது "வாங்கு" என்ற வார்த்தையைப் போட்டால், கிடைப்பது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். எனக்கு முக்கியமாகப் படுவது அதில் உள்ள விலக்கு. விற்பனையாளர் பிறகு பறிக்க முடியாதபடி, இணையம் இல்லாமல் நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் கோப்பாகக் கொடுத்தால் இந்த அறிவிப்பே தேவையில்லை.

அதாவது விற்பனை என்றால் என்ன என்பதற்கு ஒரு சட்டமே கோடு போட்டுவிட்டது. கையில் கொடு, திரும்பப் பறிக்காதே. வாடகைக்குப் பூட்டு இருக்கட்டும், சந்தாவுக்கும் இருக்கட்டும். இரண்டு நாளைக்கு என்று சொல்லித்தான் விற்கிறார்கள், ஏமாற்று இல்லை. விற்பனை என்று சொன்னால் மட்டும் இந்தக் கோட்டுக்குள் வர வேண்டும்.

வசனவரி:

சட்டப்புள்ளி, இந்தப் பிரிப்பு எனக்குச் சரியாகப் படுகிறது. முதல் வாரங்களில் வாடகையும் சந்தாவும், பூட்டோடு. கசிவுக்குப் பயப்பட வேண்டிய காலமும் அதுதான். சில மாதம் கழித்து, வாங்கி வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு நீர்க்குறி பதித்த திறந்த கோப்பு. அந்த நேரத்தில் வாங்குகிறவர் படத்தின் மேல் உண்மையான அன்பு உள்ளவராகத்தான் இருப்பார், அவரைத் திருடன் மாதிரி நடத்துவதில் எனக்கும் உடன்பாடு இல்லை.

இப்போது ஒரு சின்னப் படத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறேன். அதன் டிஜிட்டல் விற்பனை உரிமை இன்னும் இயக்குநர் கையில்தான் இருக்கிறது. இன்று மதியம் அவரிடம் பேசினேன். சந்தா சேவைக்குக் கொடுப்பது தனியாக நடக்கட்டும், நேரடி விற்பனையைத் திறந்த கோப்பாக வைத்துப் பார்க்கலாம் என்கிறார். ரீல்பெட்டி தம்பி, கடல்வழி அவர்கள் வைத்திருக்கும் மாதிரிக் கருவியில் சிரமமில்லாமல் ஓட வேண்டும் என்றால் கோப்பு எப்படி இருக்க வேண்டும்? தெளிவரி கேட்ட வசன வரிக்கும் வழி சொல்லுங்கள்.

ரீல்பெட்டி:

அக்கா, கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. சொல்கிறேன்.

இரண்டு கோப்பு கொடுங்கள். ஒன்று முழுத் தரம், டிவிக்கும் கணினிக்கும். இன்னொன்று கையடக்கத்துக்கு. இரண்டாவதில் எச்.265-ம் வேண்டாம், 10-பிட்டும் வேண்டாம். எச்.264 மெயின் ப்ரொஃபைல், லெவல் 3.0, எம்பி4 உறை. பழைய சிப்புகள் அகலமும் உயரமும் 16-ஆல் வகுபடாவிட்டால் ஓரத்தில் பச்சைக் கோடு போடும். 480-க்கு 272 என்ற அளவு பல கையடக்கத் திரைகளுக்கு அப்படியே பொருந்தும், இரண்டு எண்ணும் 16-ஆல் வகுபடும். வீடியோவுக்கு 800 கிலோபிட், ஒலிக்கு 128 வைத்தால் இரண்டரை மணி நேரப் படம் கிட்டத்தட்ட ஒரு ஜிபி. பெரிய கோப்பில் மட்டும் கவனம்: பல பிளேயர்கள் ஃபேட்32 கார்டைத்தான் படிக்கும், அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது.

ஒலியை 5.1-இலிருந்து தானாகச் சுருக்க விடாதீர்கள். வசனம் நடு ஸ்பீக்கரில் இருக்கும், சுருக்கும்போது இசைக்குள் அமுங்கிவிடும். உங்களிடம் தனி ஸ்டீரியோ மிக்ஸ் இருந்தால் அதையே போடுங்கள். கப்பல் எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் இயர்போனில் கேட்பவருக்கு அதுதான் பெரிய உதவி.

வசன வரியில்தான் நம் மொழிக்கென்று ஒரு தனிச் சிக்கல். யூனிகோடில் "கெ" என்று எழுதும்போது ககரம் முதலில், கொம்பு பிறகு சேமிக்கப்படும். திரையில் காட்டும்போது கொம்பை இடது பக்கம் கொண்டுவருவது எழுத்துருவை வடிவமைக்கும் நிரலின் வேலை. விலை குறைந்த பிளேயர்களில் அந்த நிரலே இருக்காது. "கொடு" என்பது உடைந்து, கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம் என்று வரும். ஆகவே கையடக்கக் கோப்பில் தமிழ் வரியைப் படத்தின் மேலேயே எரித்துவிடுங்கள். வரி இல்லாத ஒரு கோப்பும், யூடிஎஃப்-8-இல் சேமித்த எஸ்ஆர்டியும் கூடவே வையுங்கள். தெளிவரி அதை எடுத்துத் தனக்கு வேண்டிய அளவிலும் நிறத்திலும் கணினியில் எரித்துக்கொள்ளலாம். இரண்டு வரிக்கு மேல் போகாமலும், ஒரு வரியில் 35 எழுத்துக்குள்ளும் வைத்தால் பெரிதாக்கினாலும் திரைக்கு வெளியே போகாது.

முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் இப்படிச் செய்து அனுப்புங்கள். இருட்டுக் காட்சி ஒன்றும், வேகமான வசனம் ஒன்றும் அதில் இருக்கட்டும். பழையபிளேயர் சாரிடம் உள்ள கருவிகளில் போட்டுப் பார்த்துவிடலாம்.

பழையபிளேயர்:

அனுப்புங்கள். நான்கு கம்பெனிக் கருவிகளில் ஓட்டிப் பார்த்து, எதில் எது நிற்கிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.